சனிக்கிழமை ரீமுக்கு ஊர் இல்லை, தம்பி

தம்பி,

நேற்றுப் பின்னேரம் ஒரு கடிதம் வந்தது. மேல உங்கட உதைபந்துக் கூட்டமைப்பின்ர சின்னம், கீழ செயலாளர் எண்டு உன்ர கையெழுத்து. "மதிப்புக்குரிய கழக முகாமையாளர் அவர்களுக்கு" எண்டு துவங்குது. உன்ர கிளென் வேவர்லி வீட்டில இருந்து ரோவில்லில எங்கட வீட்டுக்குக் காரில கால் மணித்தியாலம்கூட இல்லை, நீ முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். கொம்மா அதைக் குசினி மேசையில வைச்சிட்டு உடுப்புக் காயப்போடப் போட்டா. நான் ரெண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் கொதிதான் வந்தது. ரெண்டாம் தரம், என்ர பிள்ளை இவ்வளவு வடிவாத் தமிழ் எழுதுவானோ, ஆரும் எழுதிக் குடுத்தினமோ எண்டு யோசிச்சன். முகாமையாளர் அவர்கள் இதுக்குப் பதில் எழுத மாட்டார். அவருக்கு உன்னோட ஒரு கதையும் இல்லை. இது அப்பா எழுதுறன். ஏழு வயசில இங்க வந்த நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது, ஆறுதலா வாசி. தனிய இருந்து வாசி.

மூண்டு கிழமையா நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கேல்லை. கடைசியா நீ ஃபோன் எடுத்தபோது கூட்டமைப்பில சேருற ஃபோமில நான் கையெழுத்து வைக்க மாட்டன் எண்டன். நீ, "இட்ஸ் ஜஸ்ட் எ ஃபோம், அப்பா" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டாய். அந்த ஃபோம் இப்ப எனக்கு முன்னால கிடக்கு. வாற ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். மெல்பேணில உதைபந்து விளையாடுற தமிழ் ரீம் எல்லாம் கூட்டமைப்பில சேரத்தான் வேணும் எண்டு நீ தீர்மானம் கொண்டு வாறாய். சேராமல் தனிச்சு நிக்கிற ரீமுக்கு வருடாந்தக் கிண்ணத்திலயும் இடமில்லை, கூட்டமைப்பு எடுத்து வைச்சிருக்கிற சனிக்கிழமைக் கிரவுண்டிலயும் இடமில்லை. தனிச்சு நிக்கிற ரீம் எண்டு இங்க இருக்கிறது ஒண்டே ஒண்டு, அது எங்கட ரீம். நீ அதைப் பேர் சொல்லி எழுதேல்லை. மரியாதைக்கு விட்டியோ, எழுதக் கை வரேல்லையோ, எனக்குத் தெரியாது. ஃபோமில ஆளுக்கொண்டாப் பதினாறு வரி. பேர், பிறந்த திகதி, விலாசம், படம், ஊர், படிச்ச பள்ளிக்கூடம். எல்லா விபரமும் இணையத்தளத்தில போடப்படும் எண்டு அடியில சின்ன எழுத்தில கிடக்கு. அந்தச் சின்ன எழுத்தை நீ ஒருக்கால் வடிவாப் பார்த்தியோ?

முதலில உன்ர நியாயத்தைச் சொல்லுறன். அது எனக்கு விளங்கேல்லை எண்டு நினைக்காதை. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, அந்த மழைச் சனிக்கிழமை, டண்டினோங் பக்கத்துக் கிரவுண்ட் முழுக்கச் சேறு. இண்டைக்கு விளையாட வேண்டாம் எண்டு நீதான் சொன்னனி. பெடியள் கிழமை முழுக்க இந்த நாளைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாங்கள், இறங்குங்கோ எண்டு நான்தான் சொன்னனான். பத்து நிமிஷம் ஆகேல்லை, நீ பந்தோட திரும்பினாய், கால் திரும்பேல்லை. முழங்கால் சவ்வு அறுந்த சத்தம் எனக்கு வேலியடியில கேட்டது எண்டு கொம்மாவுக்கு இப்பவும் சொல்லுறனான், அவ நம்புறேல்லை. அடுத்த கிழமை ஒரு பெரிய கழகம் உன்னை வந்து விளையாடிக் காட்டச் சொல்லியிருந்தது. நாங்கள் ஒரு லீக்கில பதிஞ்ச ரீமா இருந்திருந்தால் காப்புறுதி இருந்திருக்கும், ஒரு மாசத்தில ஒப்பரேசன் முடிஞ்சிருக்கும். நாங்கள் ஒண்டிலயும் பதியாத ஆக்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில பேரைக் குடுத்திட்டு ஒரு வருஷத்துக்கு மேல நொண்டிக்கொண்டு திரிஞ்சாய். வெட்டித் தைச்சு நீ எழும்பேக்க அந்தக் கழகத்துக்கு உன்ர பேரே மறந்து போச்சு.

அண்டைக்கு ஆஸ்பத்திரிக் கதிரையில இருந்துகொண்டு நான் உனக்கு ஒரு கதை சொன்னனான். காலைப் பார்த்து வைச்சிருந்தால் இது நடந்திருக்காது எண்டு. இறங்கச் சொன்னது நான், அதை மறைக்க உன்ர காலில பழியைப் போட்டன். நீ மற்றப் பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தாய். பிறகு ஊன்றுகோலோடயே நாலு சங்கத்து ஆக்களையும் போய்ச் சந்திச்சு, கெஞ்சி, சண்டை பிடிச்சு உந்தக் கூட்டமைப்பை உண்டாக்கினாய். இனி ஒரு பெடியனும் காப்புறுதி இல்லாமல் விழக்கூடாது எண்டு முதல் கூட்டத்தில நீ கதைச்சதை நான் பின்வரிசையில இருந்து கேட்டனான். நெஞ்சு நிறைஞ்சு போச்சு, தம்பி. அதை உனக்குச் சொல்லேல்லை. கார் எங்க விட்டனி எண்டு மட்டும் கேட்டிட்டு வந்திட்டன். அந்த ஆஸ்பத்திரிக் கதைக்கு மன்னிப்புக் கேக்க எனக்கு ரெண்டு வருஷம் எடுத்திருக்கு. இப்ப கேக்கிறன்.

உன்னைத் தோளில தூக்கிக்கொண்டு சேத்துக்குள்ளால கார் வரைக்கும் வந்தது நிமலன், எங்கட கோல் காப்பாளன். முப்பது தாண்டின மனுசன், ஊரில பஸ் கொண்டக்டரா இருந்தவன். இனி நான் சொல்லப் போறது அவனைப் பற்றித்தான். அதுக்கு முந்தி, இந்த ரீம் எப்பிடி வந்ததெண்டு ஒருக்கால் நினைச்சுப் பார். ஊரில சண்டை முடிஞ்ச வருஷக் கடைசியில கிண்ணப் போட்டி நடந்தது. எங்கட ஆக்களுக்கு ரீம் எண்டால் ஒண்டில் பழைய மாணவர் சங்கம், இல்லாட்டி ஊர்ச் சங்கம். நான் அப்ப எங்கட பள்ளிக்கூடத்துச் சங்கத்தில பொருளாளர், கழுத்தில ரை கட்டிக்கொண்டு மேசையில இருக்கிறன். அகதியாக் கப்பலில வந்து, இங்கத்த அரசாங்கம் தீவில தடுத்து வைச்சு, பிறகு விசா குடுத்து விட்ட நாலு பேர் மேசைக்கு வந்து விளையாடலாமோ எண்டு கேட்டாங்கள். எங்கட செயலாளர் எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டார். அவங்கள் சொன்ன பள்ளிக்கூடத்துக்கு இங்க சங்கம் இல்லை. அப்ப எந்த ஊர் எண்டார். அந்த ஊருக்கும் சங்கம் இல்லை. அப்ப இருந்து பாருங்கோ தம்பிமார் எண்டு சொல்லி ஆளுக்கொரு சோடாவைக் குடுத்தார். அந்த நாலு பேரில ஒருத்தனான நிமலன் அண்டைக்கு முழுக்கக் கோலுக்குப் பின்னால நிண்டு, வெளியில போற பந்தை எடுத்து எறிஞ்சுகொண்டிருந்தான். ஒவ்வொரு எறியும் நடுக்கோட்டைத் தாண்டிப் போய் விழுது, ஒருத்தரும் கவனிக்கேல்லை.

அடுத்த சனிக்கிழமை பந்தைத் தூக்கிக்கொண்டு போனம், நீயும் நானும் அந்த நாலு பேரும். ஒரே ஒரு சட்டம்தான் வைச்சனான். இங்க ஆரும் ஆரையும் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேக்கிறேல்லை. பேரைச் சொல்லு, எந்த இடத்தில விளையாடுவாய் எண்டு சொல்லு, சப்பாத்து இல்லாட்டிச் சொல்லு, அவ்வளவுதான். பேர் வைக்கச் சொல்லிக் கேட்டபோது நீ சனிக்கிழமை ரீம் எண்டாய். பெடியள் சிரிச்சாங்கள், அந்தப் பேரே நிலைச்சுது. நாலு பேர் பதினாறு பேரானாங்கள். பிறகு வந்தவங்களில ஒன்பது பேருக்கு இண்டை வரைக்கும் விசாவைப் பற்றி ஒரு முடிவும் வரேல்லை. சிலருக்கு வேலை செய்யவும் அனுமதி இல்லை. அவங்களுக்குக் கிழமையில ஒரு நாள்தான் நாள், மற்றதெல்லாம் தபால்பெட்டியைப் பார்க்கிறது.

அந்தச் சட்டத்தை ஆர் முறிச்சது தெரியுமோ? நான்தான். போன வருஷக் கிண்ணப் போட்டிக்கு எங்களையும் விருந்தாளியாச் சேர்த்தவை. எங்கட சனம் மூண்டு பேர் கூடினாலும் விழாமலர் எண்டு ஒரு புத்தகம் அடிக்கும், அது உனக்குத் தெரியும். ஒவ்வொரு ரீமும் ஒரு பக்கம் தரலாம், படமும் விபரமும் தாங்கோ எண்டு கேட்டினம். எனக்குத் தலைகால் தெரியேல்லை. பாருங்கோடா, உங்கட சங்கங்களுக்குள்ள அடங்காத எத்தினை ஊர் என்ர ரீமில இருக்கு எண்டு காட்ட வேணும் எண்ட வீம்பு. குசினி மேசையில இருந்து என்ர வடிவான கையெழுத்தில பதினாறு பேரையும் எழுதினன். பேர், ஊர், பள்ளிக்கூடம். அதுக்காக ஒவ்வொருத்தனையும் தனித்தனியக் கூப்பிட்டுக் கேட்டனான். அங்கிள் கேக்கிறார் எண்டதுக்காகச் சொன்னாங்கள். நிமலன் மட்டும் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டான். என்ர பேர் வேணுமோ அங்கிள் எண்டு கேட்டான். உனக்குத்தான் விசா கிடைச்சிட்டே, இது அவுஸ்திரேலியா, ஏனடா ஒளிக்கிறாய் எண்டு முதுகில தட்டினன். அவன் சிரிச்சிட்டு ஊரையும் பள்ளிக்கூடத்தையும் சொன்னான். அவனுக்கு விசா இருந்தது, ஊரில இருந்த தாய்க்கும் தம்பிக்கும் இல்லை. அந்தக் கணக்கு என்ர மண்டைக்குள்ள வரவே இல்லை.

அந்தக் கண்டறியாத மலர் நல்ல பளபளப்பாத்தான் வந்தது. சங்கத்துக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போகேக்க பத்துப் புத்தகம் கொண்டு போனவராம். இணையத்தளத்திலயும் போட்டினம். விஷயம் எதால போனதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நாலு மாசத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, விளையாட்டு முடிஞ்சு நான் வலையைச் சுருட்டிக் காரில ஏத்திக்கொண்டு நிக்கிறன், நிமலன் வந்து பக்கத்தில நிண்டான். கையுறையைக்கூடக் கழட்டேல்லை. அவன்ர தாயின்ர வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் ரெண்டு பேர் வந்திருக்கினம். கையில மலரின்ர அந்தப் பக்கம். உன்ர மகன் எங்கயெண்டு தெரியாது எண்டு சொன்னாய், இது ஆர், எப்பிடிப் போனவன், ஆர் அனுப்பினது எண்டு கேட்டிருக்கினம். தாய்க்குப் பதில் தெரியேல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போட்டினம். நாலு நாளில விட்டவை. திரும்பி வந்த தம்பிக்கு இப்ப ஒரு காது கேக்காது. இதையெல்லாம் நிமலன் எனக்கு விளையாட்டு ஸ்கோர் சொல்லுற மாதிரிச் சொன்னான். நான் சுருட்டின வலையைத் திரும்ப வெளியில எடுத்து, முதலில இருந்து சுருட்டினன்.

"உங்களை நான் பிழை சொல்லேல்லை, அங்கிள். இனிமேல் எழுதாதேங்கோ, அவ்வளவுதான்" எண்டான்.

இதை நீ வாசிக்கேக்க உனக்கு ஒரு விஷயம் விளங்கத் துவங்கியிருக்கும். அடுத்த நாளே நான் விழாக்குழுவிட்டப் போனன். எங்கட பக்கத்தை இணையத்தில இருந்து எடுங்கோ, மிச்ச மலரையெல்லாம் என்னட்டைத் தாங்கோ எண்டு நிண்டன். ஏன் எண்டு கேட்டினம். கேக்கத்தானே செய்வினம். மண்டபத்தில ஒரு முப்பது பேர். உண்மையைச் சொல்லியிருந்தால் பொழுதுபடுமுன்னம் சிட்னியில வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடையில மரக்கறி வாங்கிறவைக்கும் தெரிஞ்சிருக்கும், அடுத்த நாள் ஊருக்குப் போயிருக்கும், அந்த ரெண்டு பேரும் திரும்ப வந்திருப்பினம். அப்ப என்ர வாயில வந்ததைச் சொன்னன். என்ர படத்தைக் கடைசிப் பக்கத்தில, அதுவும் பாதி முகத்தை வெட்டிப் போட்டிருக்கிறியள், இருபது வருஷம் சமூகத்துக்கு உழைச்ச மனுசனுக்கு இதுதானோ மரியாதை எண்டு கத்தினன். மலரை மேசையில அடிச்சன். இந்த விசர் மனுசன் போனால் காணும் எண்டு பக்கத்தை எடுத்தினம், மிச்சப் புத்தகத்தையும் தந்தினம். பெட்டியோட கொண்டு வந்து பின்வளவில எரிச்சனான். கொம்மாவுக்கும் அந்தப் படம் வெட்டின கதையைத்தான் சொன்னனான். அண்டையில இருந்து நான் படத்துக்குச் சண்டை பிடிச்ச மனுசன். கலியாண வீடுகளில படம் எடுக்கேக்க என்னைக் கூப்பிட்டு முன்னுக்கு நிறுத்திச் சிரிப்பினம். நானும் போய் நிண்டு பல்லைக் காட்டுவன்.

அதெல்லாம் எனக்குப் பெரிய காரியம் இல்லை. உன்ர வீட்டில, மருமகளின்ர பிறந்த நாளுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க நீ கேட்டாய் பார், அதுதான் எனக்குப் பெரிசு. கூட்டமைப்பில சேராமல் நிக்கிறதெல்லாம் அந்த ஒரு போட்டோவுக்காகவோ அப்பா எண்டு கேட்டாய். எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தவை. உனக்கு என்னை நினைச்சு வெக்கம். அது உன்ர முகத்தில அப்பிடியே தெரிஞ்சுது. நான் ஓம் எண்டன். அது பொய், தம்பி. பெத்த பிள்ளைக்கு முன்னால என்னை நானே கேவலப்படுத்தின பொய். நீ நல்ல பிள்ளை, ஆனால் நீ செயலாளர். உனக்குச் சொன்னால், நியாயம் கேக்கிறன் எண்டு ஒரு கூட்டத்தில எழும்பி நிண்டு சொல்லிப் போடுவாய் எண்டு பயந்தனான். உன்னை நம்பாமல் விட்டது என்ர ரெண்டாவது பிழை.

எண்டாலும் முழுக்க முழுக்க அவனுக்காகத்தான் தனிச்சு நிண்டன் எண்டு சொன்னால் அதுவும் பொய். எனக்குத் தனிய நிக்கிறதில ஒரு ருசி இருந்தது. ஒருத்தருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை, ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலாது, எல்லாம் என்ர சொல்லு. அந்த ருசியில உன்ர முழங்கால் போனது. நாளைக்கு அந்த ஒன்பது பேரில ஒருத்தன் விழுந்தால் அவன்ர கதி உன்ர கதியிலும் மோசம். நீ சொல்லுறது சரி, காப்புறுதி எல்லாரிலும் பார்க்க அவங்களுக்குத்தான் வேணும். ஆனால் நீ சேருங்கோ எண்டு கதவைத் திறந்து வைக்கிறதும், சேராட்டிப் பந்தடிக்க இடமில்லை எண்டு கதவைப் பூட்டுறதும் ஒண்டில்லை. அண்டைக்குச் சோடாவைக் குடுத்து இருந்து பாருங்கோ எண்டு சொன்ன மனுசனும் சட்டப்படிதான் சொன்னவர். அவரும் கெட்டவர் இல்லை. நீ அவரா வந்து அந்த மேசையில இருக்கிறதை என்னால பார்க்கேலாது.

ஃபோமை இதோட வைச்சு அனுப்புறன். பதினாறு வரியும் வெறுமையாத்தான் கிடக்கு. அடியில முகாமையாளர் எண்ட இடத்தில மட்டும் கையெழுத்து வைச்சிருக்கிறன். காப்புறுதிக்காரருக்குப் பேரும் பிறந்த திகதியும் கட்டாயம் வேணுமெண்டால் நீயே வந்து, ஒவ்வொருத்தனிட்டையும் தனியக் கேட்டு, அவன் சம்மதிச்சால் உன்ர கையால எழுதி உன்ர மேசை லாச்சியில வைச்சுப் பூட்டு. ஊரும் பள்ளிக்கூடமும் கேக்கிற ரெண்டு கட்டத்தையும் எல்லாருக்குமாச் சேர்த்து வெட்டு. படம் போடாதை. இணையத்தில ஒரு எழுத்தும் வரக்கூடாது. இது உன்னால ஏலும் எண்டால் நாங்கள் சேருறம், உன்ர தீர்மானத்துக்குக் கையை உயர்த்துற முதல் ஆள் நான்தான். ஏலாதெண்டால் எங்களை விடு. வேற புல்லுத்தரை பார்ப்பம். ஒண்டும் கிடைக்காட்டி அந்த ஒன்பது பேரும் சனிக்கிழமையும் அறைக்குள்ள இருப்பாங்கள். அதை மட்டும் மனசில வைச்சுக்கொண்டு முடிவெடு.

இதை எழுதுறதுக்கு முந்தி நிமலனிட்டைக் கேட்டனான். இதை என்ர மகனுக்குச் சொல்லட்டோ எண்டு. "அவருக்குச் சொல்லுங்கோ, அங்கிள். நாலு வருஷமா ஒருநாளும் அவர் என்னை எந்த ஊர் எண்டு கேட்டதில்லை" எண்டான். உண்மைதான். கேட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை வருவன். கொம்மாவும் வாறாவாம், உனக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு. பின்வரிசையில இருப்பன், வாய் திறக்க மாட்டன். இந்தக் கடிதத்தை வாசிச்சிட்டு எரிச்சுப் போடு. ரெண்டு கட்டத்தை ஏன் வெட்டச் சொல்லுறாய், எங்கட ஊர்ப் பேர் போடுறதில உனக்கென்ன வெக்கம் எண்டு அங்க கட்டாயம் ஒருத்தர் எழும்பிக் கேப்பார். உண்மையைச் சொல்லிப்போடாதை. அப்பருக்கு அந்தப் படக் கோவம் இன்னும் போகேல்லை, அதுதான் எண்டு சொல்லு. மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கும். நீயும் அவையோட சேர்ந்து சிரி.

அப்பா